சிட்டுவிடம் பேசக் கூடாது

செப்டம்பர் 29

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. போனில் பேசலாம்தான். ஆனால் கம்பெனி கொடுத்திருக்கும் இந்த ஒற்றை அறையில் நான் பெருமூச்சு விட்டாலே சிட்டுவுக்குக் கேட்கும். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றி என்ன பேசுவது? போதாததற்கு உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். அதனால் ஷிஃப்ட் முடிந்து, பேக்கிங் ஹாலுக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெல்லாம் பிஸ்கட் தூள். காகிதத்தில் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

என் பிள்ளைக்கு என்னடி ஆச்சு?

அவர் இறந்த பிறகு, வேறு வழியில்லாமல் நான் இந்த பிஸ்கட் கம்பெனிக்குக் கிளம்பியபோது, "உன் பொண்ணு என் பொண்ணு இல்லையா? கண்ணை மூடிக்கிட்டுப் போ"ன்னு சொன்னவள் நீ. நானும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். உன் வீடு, உன் பள்ளிக்கூடம், உன் வகுப்பு. இதைவிட ஒரு தாய்க்கு என்ன நிம்மதி வேண்டும்? அப்போது அவள் வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பல் தேய்க்கும்போதுகூட நுரையோடு பேசுவாள்.

லீவுக்கு வந்து இறங்கியவள் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறாள். பசிக்கிறதா என்றால் தலையாட்டல். முதலில் பயணக் களைப்பு என்று நினைத்தேன். ஒரு வாரமா களைப்பு இருக்கும்?

நேற்று பக்கத்து அறை டிரைவர் வீட்டுப் பெண் விளையாடக் கூப்பிட்டது. சிட்டு முதலில் பின்னால் திரும்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "எங்கிட்ட பேசினா உங்க மிஸ் ஸ்டாரை எடுத்துட மாட்டாங்களா?"

அந்தப் பெண் விழித்தது. நானும் விழித்தேன். என்ன ஸ்டார்? என்ன மிஸ்? அவள் மிஸ் நீதானே. பதில் எழுது. மென்று முழுங்காமல் எழுது.

அக்கா

*

அக்டோபர் 4

அன்புள்ள அக்கா,

நீ தொட்டதற்கெல்லாம் பதறுகிறவள். இதுவும் அப்படித்தான். அவள் உன்னைப் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கூச்சம் தெளியக் கொஞ்ச நாள் ஆகும். என் வீட்டில் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள், ஒழுங்காகப் படித்தாள். கொஞ்சம் அமைதியாகிவிட்டாள் என்பது உண்மை. வளர்கிறாள், அடங்குகிறாள் என்று நினைத்தேன்.

ஸ்டார் விஷயம் ஒன்றுமே இல்லை. சொல்கிறேன் கேள், சிரிப்பாய். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் கேன், மே, மஸ்ட், ஷுட், ஹேவ் டு எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். முடியும், செய்யலாமா, கட்டாயம், நல்லது, வேறு வழியில்லை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பின்பெஞ்சு தூங்கிவிடுகிறது. அதனால் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளைக்குச் சிவப்புத் தொப்பி. தொப்பி போட்டவர் ராஜா அல்லது ராணி. மேசை மேல் ஏறி நின்று மஸ்ட் வைத்தோ மஸ்ட் நாட் வைத்தோ ஒரு கட்டளை போட வேண்டும். வாக்கியம் சரியாக இருந்தால் நான் பெரிய சார்ட்டில் எழுதிச் சுவரில் மாட்டுவேன். மாட்டிவிட்டால் அது வகுப்பின் சட்டம். சட்டத்தை மீறாத பெஞ்சுக்கு ஸ்டார். அவ்வளவுதான்.

"வீ மஸ்ட் வாக் ஆன் தி லெஃப்ட்", "வீ மஸ்ட் நாட் த்ரோ பேப்பர்" என்று பிள்ளைகள் போடுகிற போட்டியைப் பார்க்க வேண்டும் நீ! கல்வி ஆய்வாளர் வந்தபோது அந்தச் சார்ட்டுக்கு முன்னால் நின்று, "இது யாரோட ஐடியா?" என்று கேட்டார். எங்கள் தலைமை ஆசிரியை, பெரிய மிஸ், என்னைக் கை காட்டினார்கள். தற்காலிகம் என்கிற வார்த்தை என் பெயருக்குப் பின்னாலிருந்து சீக்கிரம் போய்விடும் போலிருக்கிறது.

சிட்டுவுக்கு வகுப்பில் தனிச் சலுகை எதுவும் கிடையாது. முதல் நாளே சொல்லிவிட்டேன், வாசலைத் தாண்டினால் நான் மிஸ், வீட்டுக்கு வந்தால் சித்தி. பள்ளிக்கூடத்துக் கதை வீட்டுக்கு வரக் கூடாது. சொந்தக்காரப் பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கிறாள் என்று ஒருத்தரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது இல்லையா?

லீவு முடிந்ததும் அனுப்பி வை. எல்லாம் சரியாகிவிடும்.

தங்கை

*

அக்டோபர் 10

வாத்தியாரம்மாவுக்கு,

சிரிக்கச் சொன்னாயே, சிரித்துவிட்டேன். இப்போது நீ சிரி.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் குளிக்க வைத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். முகத்தைத் துண்டு மூடியிருந்தது. முகம் தெரியாததால் தைரியம் வந்ததோ என்னவோ, துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, நான் அந்த ஸ்கூலுக்குப் போகல."

"ஏன் கண்ணு?"

"கிளாஸ்ல எங்கிட்ட யாரும் பேச மாட்டாங்க. புயல் ராணியா இருந்தப்போ அப்படிச் சொல்லிட்டா."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

துண்டை எடுக்க எனக்குக் கை வரவில்லை. எடுத்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம். "சித்திகிட்ட சொன்னியா?" என்றேன். "ஸ்கூல் கதை வீட்டுக்கு வரக் கூடாது" என்றாள். அப்படியே உன் குரலில், உன் ராகத்தில்.

யாரடி அந்தப் புயல்? எட்டு வயசில் ஒரு வகுப்பையே கட்டிப்போடுகிற அந்தப் பிசாசை நீ தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? சாப்பாட்டு நேரத்தில் என் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தது உன் கண்ணில் படவே இல்லையா? இங்கே பெல்ட்டில் ஓடுகிற பிஸ்கட்டில் ஒன்று உடைந்திருந்தால் நான் கண்டுபிடித்துத் தூக்கிப் போடுகிறேன். உனக்கு ஒரு குழந்தை உடைந்தது தெரியவில்லை.

உங்கள் பெரிய மிஸ்ஸுக்கு நேராகவே கடிதம் போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணைத் தண்டிக்காமல் விடக் கூடாது, விட்டால் நானே வருவேன் என்று எழுதியிருக்கிறேன். நீ நடுவில் வந்து பூசி மெழுகாதே. லீவு முடிந்தாலும் இவளை அங்கே அனுப்ப மாட்டேன்.

அக்கா

*

அக்டோபர் 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பெரிய மிஸ் எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் படித்தார்கள். நான் தலை நிமிரவில்லை.

நீ கேட்டது நடந்துவிட்டது. புயலின் அப்பா அம்மாவை வரவழைத்தார்கள். அவளுக்குப் புயல் என்று பெயர் வந்தது ஓடுகிற வேகத்துக்காக. அன்றைக்கு ஆபீஸ் அறைக்கு நடந்து வந்த வேகத்தில் ஒரு நத்தைகூட முந்தியிருக்கும். வகுப்புத் தலைவி பேட்ஜைப் பெரிய மிஸ்ஸே கழற்றினார்கள். அவளுடைய அப்பா அங்கேயே கை ஓங்கினார், நான்தான் பிடித்துக்கொண்டேன். இனி அவள் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வேண்டும். அடுத்த புகார் வந்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்களாம்.

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, அக்கா. நாற்பது பிள்ளைகள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது? விளையாட்டில் சொன்னதைப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் பிடித்துக்கொள்வார்கள் என்று யார் கண்டது? என்னை மன்னித்துவிடு.

சிட்டு சாப்பிடுகிறாளா? அவளுடைய ஷூ ஒன்று இங்கேயே இருக்கிறது. தினமும் துடைத்து வைக்கிறேன்.

தங்கை

*

அக்டோபர் 19

அக்கா,

நேற்று முன்தினம் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அதில் இருப்பது பொய். பொய் என்றுகூட இல்லை, பாதி. பாதிதான் இன்னும் மோசம்.

புயல் அந்தக் கட்டளையைப் போட்டது ஆகஸ்டில். அன்று காலையில் ஜன்னல் பக்கத்து இடத்துக்காக அவளுக்கும் சிட்டுவுக்கும் சண்டை. பிள்ளைச் சண்டை. தொப்பியைப் போட்டுக்கொண்டு மேசை மேல் ஏறினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "வீ மஸ்ட் நாட் டாக் டு சிட்டு." வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். சிட்டுகூடச் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அதை எழுதலாமா வேண்டாமா என்று நான் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன். வேறு எந்தப் பிள்ளையின் பெயராக இருந்தாலும், "அது அழகில்லம்மா, வேற சொல்லு" என்றிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் அது என் அக்கா மகள். மறுத்தால், பார், சொந்தக்காரப் பெண் என்றதும் சட்டத்தை மாற்றுகிறாள் என்பார்கள். யார் சொல்லியிருப்பார்கள்? எட்டு வயதுப் பிள்ளைகளா? யாரும் இல்லை, அக்கா. நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. வாக்கியமும் பிசகில்லாமல் இருந்தது. மார்க்கரை எடுத்துச் சார்ட்டில் கடைசி வரியாக எழுதினேன். என் கையால் எழுதினேன். புயலுக்குக் கை தட்டச் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சார்ட்டை மாற்றியிருக்க வேண்டும். அதுதான் விளையாட்டின் முறை. ஆனால் அந்த வாரம்தான் ஆய்வாளர் வருகிறார் என்று சொன்னார்கள். சார்ட் நன்றாக வந்திருந்தது, ஒரு பிழை இல்லை, இருக்கட்டும் என்று விட்டேன். ஆய்வாளர் வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள், அதற்கடுத்த வாரம் என்றார்கள். அவர் வந்து போன பிறகும் சார்ட் சுவரிலேயே இருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் நான் ஸ்டார் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எந்த பெஞ்சு எல்லாச் சட்டங்களையும் மதித்ததோ அந்த பெஞ்சுக்கு. கடைசி வரியை நான் மறந்தே போனேன். பிள்ளைகள் மறக்கவில்லை. புரிகிறதா உனக்கு? உன் பெண்ணோடு பேசாமல் இருந்ததற்காக நான் அவர்களுக்கு வாராவாரம் பரிசு கொடுத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. இதை எழுதக் கை கூசுகிறது. உன் கடிதத்தைப் பார்த்த பிறகு பெரிய மிஸ் வகுப்பைப் பார்க்க எழுந்தார்கள். நான் முன்னால் ஓடி, சார்ட்டைக் கழற்றி, மடித்து, என் கைப்பைக்குள் திணித்துவிட்டேன். அவர்கள் வந்தபோது சுவர் காலி. புயலைக் கேட்டார்கள், "நீ சொன்னியா?" அவள் "ஆமா மிஸ்" என்றாள். என்னைப் பார்த்தாள். நான் எழுதியதைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது அவளிடம் வகுப்பில் யாரும் பேசுவதில்லை. பெரிய மிஸ் அவளைத் தனியாக உட்கார வைத்ததே அதற்குத்தான் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். நான் பாடம் நடத்துகிறேன். கடைசி பெஞ்சைப் பார்க்காமல் நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஆண்டு முடிவில் என்னை நிரந்தரமாக்கப் பெரிய மிஸ் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதுதான் வாயைக் கட்டுகிறது. வெட்கமாக இருக்கிறது, அக்கா.

தங்கை

*

அக்டோபர் 24

அடியே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெல்ட்டில் போய் நின்றேன். உடைந்த பிஸ்கட்டெல்லாம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று தள்ளி உட்கார வைத்தார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன்.

ஆனால் நடந்தது முழுக்க உனக்கும் தெரியாது. கேள்.

புயலைத் தண்டித்த செய்தியை நான் சிட்டுவிடம் ஏதோ பரிசு கொண்டுவந்த மாதிரி சொன்னேன். "உன்னை அழ வச்சவளுக்கு நல்லா கொடுத்தாங்க கண்ணு. பேட்ஜைப் பிடுங்கித் தனியா உக்கார வச்சுட்டாங்க." அவள் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தினாள் பார், பக்கத்து அறையிலிருந்து டிரைவர் வீட்டம்மா ஓடி வந்துவிட்டாள். தரையில் உருண்டு உருண்டு அழுகிறாள். "அவ மட்டுந்தாம்மா எங்கிட்ட பேசினா! அவ மட்டுந்தான்!"

தேம்பல் அடங்க வெகு நேரமாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கட்டளை போட்ட மறு வாரமே புயலுக்கு மனசு கேட்கவில்லையாம். தினமும் சாப்பாட்டு மணி அடித்ததும் பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு ஓடுவாளாம். இவளும் போவாளாம். அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள். தொட்டிக்குப் பின்னால் நின்று இரண்டும் பேசித் தீர்க்குமாம். மணி அடித்தால் ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். பேசுவது தெரிந்தால் புயலின் பெஞ்சுக்கு ஸ்டார் போய்விடும் என்று என் மகள் எவரிடமும் வாயைத் திறக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்து என்னிடம் பேசினாளே, அப்போதும் இதைச் சொல்லவில்லை. புயலைக் காப்பாற்றியிருக்கிறாள். அந்தப் புயலைத்தான் நான் கடிதம் போட்டு மாட்டிவிட்டேன்.

"சித்திகிட்ட ஏண்டி சொல்லல? வீட்ல வேணாம், மிஸ்ஸுன்னு கூப்பிட்டாவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சித்திக்குத் தெரியுமேம்மா. சித்திதானே எழுதினாங்க."

ராத்திரி உன் வீட்டில் உன் பக்கத்தில் படுத்து, காலையில் உன் கையால் தலை பின்னிக்கொண்டு, இத்தனை நாளும் அவள் இதை நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சித்திக்குத் தெரியும், சித்திக்கு இது சம்மதம்.

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. ஏனென்றால் அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். செப்டம்பர் மாதத்தில் நீ ஒரு நாள் எனக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தாயே, நீ துணி எடுக்க மாடிக்குப் போன நேரத்தில், "அம்மா, எங்கிட்ட யாரும் பேச மாட்டேங்கறாங்க" என்றாள். இங்கே பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. "நீயா போய்ப் பேசு கண்ணு, எல்லாரும் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சொன்னதை மறந்தும் போனேன். உன்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததே, அதில் பாதி அந்த ஒரு நிமிஷத்தின்மேல் வந்தது. ஆள் கிடைத்தது என்று உன்மேல் கொட்டினேன்.

இப்போது டம்ளரைக்கூடத் தூக்கிக் காட்டுவதில்லை. நானாகக் கொடுத்தால் குடிக்கிறாள்.

புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று உங்கள் பெரிய மிஸ்ஸுக்கு எழுதிவிட்டேன். அது போதாது. என் கடிதத்தால் அந்தப் பிள்ளை நிரபராதி ஆகிவிடாது. நீ போய்ச் சொல்ல வேண்டும். வேலை போனால் போகட்டும். இங்கே வா, பெல்ட்டில் இடம் வாங்கித் தருகிறேன். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அக்கா

*

நவம்பர் 2

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி சட்டென்று போய்ச் சொல்லவில்லை. உன் கடிதம் வந்து இரண்டு நாள் பையிலேயே இருந்தது, அந்தச் சார்ட்டுக்குப் பக்கத்தில். மூன்றாம் நாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன்.

பெரிய மிஸ் சார்ட்டை விரித்துப் பார்த்தார்கள். கடைசி வரியில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஆய்வாளர் அறிக்கையில உங்க வகுப்பைப் பத்தித்தான் முதல்ல எழுதியிருக்காரு. இதைக் கிளறினா ஸ்கூல் பேரு என்னாகும்? அந்த அம்மாவே புகாரை வாபஸ் வாங்கிட்டாங்க. பொண்ணைப் பழைய இடத்துல உக்கார வச்சிடலாம். இதோட விடுங்க மிஸ்" என்றார்கள். சார்ட்டைச் சுருட்டித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லியும் ஆயிற்று, தப்பித்தும் ஆயிற்று. படி இறங்கும்போது கால் லேசாக இருந்தது. அந்த லேசுதான் என்னை என்னவோ செய்தது. மறுநாள் வகுப்புக்கு வந்தால் புயலை அவளுடைய பழைய முன் பெஞ்சுக்கு மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் தன் பையை நடுவில் வைத்துத் தடுப்பு போட்டிருந்தாள்.

அன்றைக்குப் பாடம் எடுக்கவில்லை. தமிழில் பேசினேன். "சிட்டுகிட்ட பேசக் கூடாதுன்னு புயல் சொன்னா. ஆனா அதைச் சட்டமாக்கினது நான். நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதினதை அழிக்கவும் இல்லை. சார்ட்டை ஒளிச்சு வச்சு, பழியைப் புயல்மேல போட்டுட்டு நான் சும்மா இருந்தேன். தப்பு என்னோடது" என்றேன். நாற்பது பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு பையன் எழுந்து, "அப்ப உங்களைத் தனியா உக்கார வைப்பாங்களா மிஸ்?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் புயல் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா கதவை முழுசாகத் திறக்கவில்லை. வாசலில் நின்றே எல்லாம் சொன்னேன். "எம் பொண்ணை நான் அன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து அடிச்சேங்க" என்றார் அவர். மனிதர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

புயல் அவர் கைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் மண்டியிட்டு, "என்னை மன்னிச்சுடும்மா" என்றேன். அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"நான் வந்து அழிக்கச் சொன்னேனே மிஸ், நீங்க ஏன் அழிக்கல?"

எனக்கு ஒரு கணம் எதுவும் நினைவு வரவில்லை. பிறகு வந்தது. என் மேசைக்கு வந்து எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். தமிழில் கேட்டால் காது கேட்காத மாதிரி இருப்பேன், பிள்ளைகள் சிரிக்கும். அந்தக் கட்டளை போட்ட மறு திங்கள்கிழமை அவள் வந்தாள். "மிஸ், அந்தக் கடைசி லைனை..." என்று ஆரம்பித்தாள். நான் காதில் கை வைத்துக் காட்டினேன். "மே ஐ-ன்னு ஆரம்பி, முழுசா கேளு" என்றேன். "மே ஐ... மே ஐ..." என்று நின்றாள். அழிக்க என்பதற்கு அவளுக்கு வார்த்தை தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததில்லை. போய்த் தயார் பண்ணிக்கொண்டு வா என்று அனுப்பினேன். அவள் அந்த வாரத்திலேயே மறுபடி வந்தாள். மறுபடியும் மே ஐ வரைக்கும்தான் வந்தது. மணி அடித்துவிட்டது.

அதற்குப் பிறகு வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள்.

சிட்டுவின் பேச்சை மட்டும்தான் நான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. பேசத்தான் சொல்லிக் கொடுக்கிறேன் என்று சம்பளம் வாங்குகிறேன். பேச வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வகுப்பில் நான் பேசியது பெற்றோர் வழியாகப் பெரிய மிஸ்ஸுக்குப் போய்விட்டது. கூப்பிட்டு விட்டார்கள். ஜனவரியிலிருந்து எனக்கு வகுப்பு இல்லை, ஆபீஸில் உட்கார்ந்து வருகைப் பதிவு பார்க்க வேண்டும். நிரந்தரம் பற்றிப் பேச்சே இல்லை. பரவாயில்லை என்று எழுத ஆசை. பரவாயில்லாமல் இல்லை, அழுதேன். ஆனால் தாங்கிக்கொள்ளலாம்.

ஒன்று கேட்கிறேன். வரும் ஞாயிறு காலை புயலை அவளுடைய அம்மா என் வீட்டுக்கு அழைத்து வருகிறாள். நான் உனக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்துவிடுவேன். நான் பேச மாட்டேன். நீ சிட்டுவிடம் கொடு. சிட்டு வாங்கினால் வாங்கட்டும்.

தங்கை

*

நவம்பர் 10

தங்கச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ எந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

போன் அடித்ததும் நான் எடுக்காமல் அவளிடம் நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் புயல் ஏதோ சொல்வது எனக்குக் கேட்டது. இவள் வாயைத் திறக்கவே இல்லை. சரி, அவ்வளவுதான் என்று நான் அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டேன். அப்போதுதான் பின்னால் சத்தம் வந்தது. "ஏய், உங்கப்பா அடிச்சது இன்னும் வலிக்குதா?"

அவ்வளவுதான், தங்கச்சி. மடை திறந்த மாதிரி. என்ன பேசினார்கள் என்று கேட்காதே. பாதி புரியவில்லை, மீதி சிரிப்பு. டிரைவர் வீட்டுப் பெண் வந்து எட்டிப் பார்த்தது, அதையும் இழுத்துப் போனில் பேச வைத்தாள். கட்டிலில் ஏறிக் குதித்தாள். போன் சூடாகிக் கன்னம் சிவந்துபோயிற்று. நான் அடுப்பில் வைத்த சோறு தீய்ந்தது. தீய்ந்த சோற்றை உட்கார்ந்து சந்தோஷமாகத் தின்றேன்.

இப்போது பேசுகிறாள். தண்ணீர் கேட்கிறாள். நேற்று என்னோடு சண்டைகூடப் போட்டாள். சட்டைக்குப் பொத்தான் தைக்கவில்லை என்று அரை மணி நேரம் திட்டு வாங்கினேன். இங்கேயே ஒரு பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அரையாண்டு லீவுக்குப் புயலை அனுப்பி வைக்க அவளுடைய அம்மா சம்மதித்திருக்கிறாள். நீயே கூட்டிக்கொண்டு வரலாம்.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்றால், பாதி போய்விட்டது. மீதியை நானும் நீயும் நேரில் பார்த்துப் பங்கு போட்டுக்கொள்வோம். எனக்கும் அதில் சரிபாதி உண்டு.

ஒன்றை மட்டும் மறைக்க மனசு வரவில்லை. புயல் பேசி முடித்த பிறகு, "சித்தி அங்கதான் இருக்காங்க, பேசறியா?" என்று கேட்டேன். சிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேசணுமாம்மா?"

"கட்டாயம் இல்ல கண்ணு. உனக்கு எப்போ தோணுதோ அப்போ பேசினா போதும்" என்றேன்.

அவள் போனை அணைத்து என் கையில் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அக்கா